தெருவை ஒழிச்சு வெச்சுட்டு வண்டிய முறுக்கு, கண்ணு

கண்ணு, நீ போன்ல சொன்ன நாயத்தை அம்மிச்சிகிட்ட நான் மூச்சு விடல. விட்டிருந்தா இந்நேரம் அவ உன்ற பைக் சாவிக்கு எலுமிச்சம்பழம் சுத்திக் கெணத்துல போட்டிருப்பா. தீவுத்திடல்ல 2024 ஆகஸ்ட் கடைசில பார்த்த ஃபார்முலா ஃபோர் ராத்திரிக் காரோட்டம் இன்னும் உன்ற மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்குதாம். வர்ற சனிக்கெழமை ஆபீஸ் சேக்காளிகளோட ஈ.சி.ஆர்.ல பைக் பந்தயம் விடப்போறியாம். "அவங்க தெருவுல விடலாம், நாங்க விடக்கூடாதா அப்பிச்சி?"ன்னு கேட்ட பாரு, அதுல ஒரு ஞாயம் இருக்குது. விடு சாமி. தாராளமா விடு. ரேக்ளா வண்டில நின்னுட்டே போன கெழவன் பேரனைத் தடுத்தான்னு ஒரு கெட்ட பேரு எனக்கு எதுக்கு?

ஒரே ஒரு யோசனைதான். அவங்க எப்படி விட்டாங்களோ அப்படியே நீயும் விடோணும். ஒரு சாங்கியம்கூட விட்டுப்போகக் கூடாது. ராத்திரில தூக்கம் வராம நானும் இந்தச் செல்போன்ல எல்லாத்தையும் பார்த்து வெச்சிருக்கேன். கேட்டுக்க.

மொதல்ல கோர்ட்டுக்குப் போகோணும். சென்னைல அந்தப் பந்தயம் 2023 டிசம்பர் 9, 10 தேதில நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணில மெதந்துது, பந்தயத்தைத் தள்ளி வெச்சாங்க. அதுபோக உயர் நீதிமன்றத்துல வழக்கு. நகரத்து ரோட்டை மறிச்சு எதுக்குப் பந்தயம், அரசாங்கக் காசு எதுக்கு, பக்கத்துல ஆசுபத்திரி இருக்குதே சத்தம் என்னாகறது, இருங்காட்டுக்கோட்டைல தடம் சும்மாத்தானே கெடக்குதுன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. கோர்ட்டு நிபந்தனை போட்டு விட்டுச்சு. 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி மத்தியானத்துக்குள்ள எப்.ஐ.ஏ.ங்கற உலக மோட்டார் சபைகிட்டருந்து தடத்துக்குச் சான்றிதழ் வந்தாகோணும்னு சொல்லிப்போட்டாங்க. மத்தியானம் வந்துது, சான்றிதழ் வரல. கோர்ட்டுல மறுக்கா அவகாசம் வாங்குனாங்க. நடுவுல மழை வேற ஊத்துச்சு. பொழுது சாஞ்சுதான் அந்தச் சீட்டு வந்து சேர்ந்துது. டிக்கெட் வாங்குன சனம் அன்னைக்குப் பார்த்தது பயிற்சி ஓட்டம்தான், போட்டியெல்லாம் மறுநாளைக்குப் போயிருச்சு.

யோசிச்சுப் பாரு. சர்க்காரோட விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒரு பக்கம், பந்தயம் நடத்தற கம்பெனி ஒரு பக்கம், போலீசு, மாநகராட்சி, மந்திரி எல்லாரும் ஒரே ஒரு காயிதத்துக்காகச் சாயங்காலம் வரைக்கும் வாயப் பொளந்துட்டு நின்னாங்க. உன்ற கையில அந்தக் காயிதம் வந்துருச்சா? வரலைன்னா சொல்லு, சனிக்கெழமை எதுக்கு அவசரப்படறே? அவங்களுக்கே எட்டு மாசத்துக்கு மேல தள்ளிப் போச்சு.

ஆசுபத்திரின்னு சொன்னதும் ஞாபகம் வருது. உன்ற பைக்குக்கு ஏதோ புதுச் சைலன்சர் மாட்டியிருக்கறதா உங்கம்மா பெருமையாச் சொன்னா. போன தடவை நீ வந்து போனதுலருந்து பக்கத்துக் காட்டு எருமை பால் கறக்க நிக்கறதில்லையாம். இதை நான் பஞ்சாயத்தாக்கல, காதுல போட்டு வெக்கறேன், அவ்வளவுதான்.

ரெண்டாவது, ரோடு. இங்கதான் எனக்கு அந்தப் பந்தயத்து மேல மரியாதையே வந்துது. நீ அங்க உக்கார்ந்து காரைப் பார்த்தே. நான் செல்போன்ல பார்த்தது ரோட்டை. தீவுத்திடலைச் சுத்தி, அண்ணா சாலை, சுவாமி சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம்னு மூணரைக் கிலோமீட்டர், 19 வளைவு. சனங்க தெனம் ஆபீசுக்குப் போற அதே ரோடுதான். ஆனா அன்னைக்கு அது ரோடே இல்ல கண்ணு. ரெண்டு பக்கமும் இடைவெளி இல்லாம காங்கிரீட் கட்டை. கட்டை மேல ஆளு ஒசரத்துக்கு மேல கம்பி வலை. எதுக்கு வலைன்னு நெனைக்கறே? காரு சுவத்துல மோதினா பேந்து போறது சின்னச் சின்னச் சாமானுக. அதுக பார்க்க வந்தவன் மூஞ்சில வந்து விழுகும். சக்கரம் பிச்சுக்கிட்டுப் பறக்காம இருக்கறதுக்குன்னே உள்ளுக்குள்ள ஒரு கயிறு போட்டு வண்டியோட கட்டி வெக்கறாங்க. சக்கரத்தையே நம்பாதவங்கதான் பந்தயம் விடறாங்க, பார்த்துக்க.

அப்பறம் இந்தச் சாக்கடைக் குழி மூடி. இது பெரிய நாயம். தரையை ஒட்டி வேகமாப் போற காருக்கு அடியில காத்து இறுகிப் பாயறப்ப அங்க அழுத்தம் கொறைஞ்சு போகுது. அந்த வண்டி ரோட்டோட அப்பிக்கிட்டுப் போறதே அதனாலதான். அப்பிக்கறது ரோட்டை மட்டுமா? கீழ லூசா ஒரு இரும்பு மூடி இருந்தா அதையும் உறிஞ்சி மேல தூக்கிரும். 2023 நவம்பர்ல அமெரிக்காவுல லாஸ் வேகஸ் ஊர்ல, கோடி கோடியாக் கொட்டி ஃபார்முலா ஒன் பந்தயம் வெச்சாங்க. மொதப் பயிற்சி ஓட்டம் பத்து நிமிசம்கூட ஓடல. தண்ணிக்குழா வால்வு மூடி ஒண்ணு பேந்து கார்லோஸ் சைன்ஸ்ங்கற பையனோட ஃபெராரிக்கு அடியில அடிச்சுது. வண்டி குடல் கிழிஞ்சு போச்சு. பாக்கி மூடியெல்லாம் சரி பார்த்து முடிக்கறதுக்குள்ள நடுச்சாமம் தாண்டிருச்சு. அடுத்த ஓட்டம் விடிகாலை ரெண்டரை மணிக்கு. அதுக்கும் முன்னாடியே காசு குடுத்து உக்கார்ந்திருந்த சனத்தை வெளிய அனுப்பிப்போட்டாங்க.

அதுக்கு மேலதான் கூத்து. ஒடைஞ்சதுக்குப் பதிலா புது பேட்டரி மாட்டுனதுக்கு விதிப்படி அந்தப் பையனுக்கே தண்டனை, பந்தயத்துல பத்து எடம் பின்னாடி போய் நின்னான். மூடி ரோட்டுக்காரனோடது, தண்டனை ஓட்டுனவனுக்கு. அமெரிக்கா எவ்வளவோ முன்னேறிப் போச்சுன்னு உங்கப்பன் சொன்னப்ப நான் நம்பல, இதுல நம்பிட்டேன்.

அது ஒண்ணுதானான்னு கேக்காதே. 2016ல மொனாக்கோவுல ஜென்சன் பட்டன் வண்டி மேல ஒரு மூடி, 2019ல பாக்கு ஊர்ல ஜார்ஜ் ரசல் வண்டிக்கு அடியில ஒரு மூடி. அத்தனை பெரிய இஞ்சினீருக கூடி நின்னு வெல்டு வெச்ச பொறவும் இந்த லட்சணம். நீ சனிக்கெழமை போற ரோட்டுல எத்தனை மூடி இருக்குது, எத்தனை மூடி இல்லாத குழி இருக்குதுன்னு எண்ணிட்டயா? வெல்டிங் பண்றதுக்கு நம்ம சந்தப்பேட்டை ஆளு ஒருத்தர் இருக்கார். பஸ் சார்ஜும் சாப்பாடும் குடுத்தா வந்துருவார்.

நாயை மறந்துட்டேனே. சென்னைல இவ்வளவு கட்டை, வலை, போலீசு எல்லாம் தாண்டி ஒரு தெருநாய் தடத்துக்குள்ள பூந்துருச்சு. ஓட்டத்தை நிறுத்தி வெச்சு அதைத் தொரத்துனாங்க. கோர்ட்டு, எப்.ஐ.ஏ. ஒருத்தர்கிட்டயும் சீட்டு வாங்காம அந்தத் தடத்துல ஓடுன ஒரே ஆத்மா அதுதான். 2011ல கிரேட்டர் நொய்டாவுல ஃபார்முலா ஒன் நடந்தப்பவும் மொதல் பயிற்சி ஓட்டத்துல ஒரு நாய் உள்ள வந்துச்சு, செகப்புக் கொடி காட்டி நிறுத்துனாங்க. நம்ம தேசத்து நாய்களுக்குப் பந்தயத்து மேல அப்படி ஒரு ஆசை. அவங்களுக்குச் செகப்புக் கொடி காட்ட ஆளு இருந்துது. ஈ.சி.ஆர்.ல நாய் குறுக்க வந்தா உனக்கு யாரு காட்டுவா?

கொடிக்காரங்களைப் பத்தித் தனியாச் சொல்லோணும். வளைவுக்கு வளைவு கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நிக்கறாங்க. மஞ்சக் கொடி காட்டுனா முன்னாடி ஆபத்து, வேகத்தைக் கொறைக்கோணும், ஒருத்தனும் ஒருத்தனை முந்தக் கூடாது. நீலக் கொடின்னா பொறத்தால வேகமான வண்டி வருது, வழி விடு. செகப்புன்னா எல்லாம் நிறுத்து. இதை மீறுனா தண்டனை. அந்த ஃபார்முலா ஃபோர் வண்டில ஓடறது பாதிப்பேரு மீசை மொளைக்காத பசங்க, 15 வயசு ஆனாலே அந்தப் பந்தயத்துல எறங்கலாம். பந்தயத்துல காரோட்டலாம், கேட்டுக்கு வெளிய ரோட்டுல ஓட்டறதுக்கு இன்னும் மூணு வருசம் லைசென்சு கெடையாது! அப்பேர்ப்பட்ட சின்னப் பையன் மஞ்சளைப் பார்த்ததும் காலை எடுக்கறான். நீ பி.டெக். முடிச்சவன், மஞ்ச லைட்டைப் பார்த்தா முறுக்கறே. போன பொங்கலுக்கு உன்ற பொறத்தால உக்கார்ந்து உடுமலைக்கு வந்த எனக்குத் தெரியாதா? கண்ண மூடிட்டுத்தான் வந்தேன், ஆனாலும் தெரிஞ்சுது.

அதே போட்டியோட நடந்த இன்னொரு லீக்ல ஒவ்வொரு அணியிலயும் ஒரு பொம்பளப் புள்ள ஓட்டியாகோணும்னு விதி வெச்சிருக்கறாங்க. நல்ல விதி. உன்ற சனிக்கெழமைக் கூட்டத்துல எத்தனை பொம்பளப் புள்ளைக? ஒண்ணும் இல்ல, அப்படித்தானே? புத்தி இருக்கறவங்க வரமாட்டாங்க, தெரியும்.

இப்ப வண்டிக்கு வர்றேன். அந்த ஃபார்முலா ஃபோர் காரு மூடாத சக்கரத்து வண்டி. நாலு சக்கரமும் ஒடம்புக்கு வெளிய நீட்டிட்டு நிக்கும். எங்க ரேக்ளாவுல 200 மீட்டர், 300 மீட்டர்னு ஒவ்வொரு வண்டியா ஒத்தையா விட்டு, கடியாரத்தோடதான் போட்டி. பக்கத்து வண்டின்னு ஒண்ணு இல்லவே இல்ல, அதனால சக்கரத்தோட சக்கரம் சிக்கற பேச்சே கெடையாது. இவங்க அத்தனை பேரையும் ஒண்ணா அவுத்து உடறாங்க. முன்னாடி போறவனோட பின்சக்கரம் வேகமாச் சுத்திட்டிருக்கறப்ப, பொறத்தால வர்றவனோட முன்சக்கரம் அதுல தொட்டுச்சுன்னா, சுத்தற ரப்பர் இதை மேல ஏத்தி வானத்துக்கு வீசிரும். அதனால ஓட்டறவன் தலைக்கு மேல ஹேலோன்னு ஒரு வளையம், கழுத்து முறியாம இருக்கத் தோள் மேல ஒரு பூட்டு, ஆறு எடத்துல பெல்ட்டு, நெருப்புப் பத்தாத துணி, உள்ளாடைகூட அதே துணியில.

உன்ற பைக்கும் மூடாத சக்கரத்து வண்டிதான் சாமி. வித்தியாசம் என்னன்னா, அதுல சக்கரம் மட்டும் வெளிய நிக்குது, இதுல நீயும் வெளிய நிக்கறே. உனக்கு அந்த வளையம், பூட்டு, பெல்ட்டு ஒண்ணும் வேண்டாம். ஹெல்மெட்டை முழங்கைல மாட்டாம தலைல மாட்டுனா அதுவே நான் எப்.ஐ.ஏ. சீட்டா ஏத்துக்கறேன்.

தெருப் பந்தயம்னா வேகம்னு நெனைச்சுட்டிருக்கறே. அங்கதான் உன்ற கணக்கு தப்பு. முன்னாடி சொன்னேனே, அந்த மொனாக்கோ ஒரு குட்டி ராச்சியம், 1929லருந்து தெருவுல பந்தயம் விடறாங்க. ஒரு சுத்து மூணேகால் கிலோமீட்டரும் கொஞ்சமும், மொத்தம் 78 சுத்து. அதுல ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்குது. ஃபார்முலா ஒன் வண்டி அந்த எடத்துல நம்ம டவுன் பஸ் வேகத்துலதான் திரும்பும். உலகத்துலயே பேர்போன பந்தயம், முந்தறதுக்கே எடம் இல்ல. எவன் கடைசி நொடி வரைக்கும் பொறுத்து, சரியான எடத்துல பிரேக்கு அமுத்தி, சுவத்தை ஒரு முழத்துல விட்டுட்டுத் திரும்பறானோ அவனுக்குத்தான் பேரு. முறுக்கறதுக்குக் கை போதும், எந்தக் கழுதையும் முறுக்கும்.

1996ல அங்க மழை. சுவத்துல மோதினவன், இஞ்சின் போனவன், ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறுனவன்னு ஒவ்வொருத்தனா ஒதுங்கி, கொடி விழுகறப்ப ஓடிட்டிருந்தது மூணே வண்டி. செயிச்ச ஒலிவியே பானிஸ் கெளம்புனது பதினாலாவது எடத்துலருந்து! நான் மட்டும் அங்க இருந்திருந்தா அவனுக்கு ஒரு காங்கேயம் கன்னுக்குட்டி பரிசு குடுத்திருப்பேன்.

அதே ஊர்ல 1955ல ஆல்பெர்ட்டோ அஸ்காரின்னு ரெண்டு தடவை உலகச் சாம்பியனான மனுசன் துறைமுகத்து ஓரம் வளைவுல வண்டியோட கடல்ல விழுந்துட்டார். நீந்தி மேல வந்துட்டார். உன்ற ஈ.சி.ஆர்.லயும் கடல் பக்கத்துலதான் இருக்குதுன்னு நீ சொல்லுவே. இருக்குது. ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல பங்களாச் சுவரும் புளியமரமும் இருக்குதே, அதை யாரு நீந்தறது? அஸ்காரியும் அதுக்கு நாலு நாள் கழிச்சு மோன்சாவுல சும்மா சோதனைக்கு ஓட்டறப்பச் செத்துப்போனார். பந்தயமில்லாத அன்னைக்கு.

உனக்கு நம்மூர் ஆளைச் சொன்னாத்தான் புடிக்கும். நரேன் கார்த்திகேயன் கோயமுத்தூர்ப் பையன். இந்தியாவுலருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன மொத ஆளு, 2005ல ஜோர்டான் வண்டில. அந்த வருசம் இண்டியானாபோலிசுல நடந்த பந்தயத்துல நாலாவதா வந்தான். எத்தனை வண்டில நாலாவதுன்னு கேளு. ஆறு வண்டில. பாக்கி பதினாலு வண்டியும் மிஷ்லின் டயரு. அந்தச் சரிவு வளைவுல டயரு தாங்காதுன்னு பயந்து, எல்லாரும் ஒரு சுத்து சும்மா வந்துட்டுக் கொட்டாய்க்குள்ள திரும்பிட்டாங்க. திரளான சனம் காசு குடுத்து உக்கார்ந்திருக்க, உலகத்துல பெரிய பெரிய தைரியசாலிக பதினாலு பேரு டயரு சரியில்லைன்னு எறங்கிப் போனாங்க. ஒருத்தனும் வெக்கப்படல. உன்ற பைக்கு பின்டயரு என்ற மண்டை கணக்கா வழுக்கையாக் கெடக்குது. அதை வெச்சுக்கிட்டு நீ சனிக்கெழமை கெளம்பறே பாரு, அந்தப் பதினாலு பேரைவிட நீ வீரன், ஒத்துக்கறேன்.

அந்த நரேனுக்கெல்லாம் முன்னாடி கரிவர்தன்னு ஒருத்தர் நம்ம கோயமுத்தூர்ல இருந்தார். மாருதி 800 இஞ்சினை வெச்சு, நம்ம பசங்க வாங்கி ஓட்டற வெலைல, இதே மாதிரி சக்கரம் வெளிய நிக்கற பந்தயக் காரு பண்ணுனவர். அவர் பேர்லதான் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது. அதுக்கும் முந்தி சென்னைக்கு வடக்க சோழவரம். ரெண்டாம் உலகப் போர்ல போட்ட ஏரோப்ளேன் தடம். நான் லாரில கிளீனரா ஓடுன காலத்துல, வண்டியை ஓரங்கட்டிட்டு ஒருக்கா அங்க பந்தயம் பார்த்திருக்கேன். கீத்துக் கொட்டாயி, புழுதி, காதடைக்கற சத்தம். அன்னைக்கே எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. தடத்துல அப்படிப் பறந்த பெரிய வீட்டுப் பையன் ஒருத்தன், பந்தயம் முடிஞ்சு திரும்பறப்ப மெயின் ரோட்டுல எங்க லாரிக்குப் பொறத்தால அடக்கமா வந்துட்டிருந்தான். எங்க டிரைவர் கையக் காட்டி முன்னாடி போடான்னு சொல்லியும் போகல. எதுக்க என்ன வருதுன்னு தெரியாம அவன் முந்தமாட்டான். தெரியாத ரோட்டுல வேகம் போறவன் பந்தயக்காரன் இல்லைன்னு எங்க டிரைவர் பாதி ராத்திரி வரைக்கும் புலம்பிட்டே வந்தார். பந்தயக்காரன் ஒருத்தனை முந்தவிட்டுப் பெருமையடிச்சுக்கலாம்னு இருந்தவருக்கு ஏமாத்தம்.

அதனால என்ன பண்றேன்னா, உனக்கு ஆசை தீரலைன்னா செட்டிபாளையத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போயி, முறையா சொல்லிக் குடுக்கறவங்ககிட்டக் காசு கட்டு. காசு நான் தர்றேன். உங்கப்பனுக்குத் தெரிய வேண்டாம், அம்மிச்சிக்குத் தெரியவே வேண்டாம். நம்மகிட்டயும் கறவை எருமை ஒண்ணு நிக்குது, வெலை போகும். உன்ற சைலன்சர் சத்தத்துக்கு அது எப்படியும் பால் குடுக்கப் போறதில்ல.

இல்ல அப்பிச்சி, தெருவுலதான் விடுவேன், ஈ.சி.ஆர்.தான் வேணும்னு நின்னேன்னா, அதுக்கும் நான் தயாராத்தான் இருக்கேன். பல்லடத்துல காங்கிரீட் கட்டை போடறவர்கிட்ட வெலை கேட்டு வெச்சிருக்கேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வேணும்னு சொன்னதும் மனுசன் எந்திரிச்சு நின்னு காபி வாங்கிக் குடுத்தார். எத்தனை கிலோமீட்டர்னு மட்டும் நீ சொல்லோணுமாம், பாதிப் பணம் முன்கூட்டியே கட்டோணுமாம். அவர் ஜிபே நம்பர் உனக்கு அனுப்பியிருக்கேன், பாரு.